வாய்மொழித் தேர்வு, கீழ் டிவிஷன்

கோத்தகிரியில் பஸ் ஏறும்போதே
படிவங்கள் பாதி நனைந்துவிட்டன.
எழுத்து, சொல், பத்தி, படம்.
நான்கு அட்டை, ஒரு ஸ்டாப்வாட்ச்,
பிள்ளைக்கு ஏழு நிமிடம்.

பதினோராவது பெயர் பூல்மணி குஜூர்.
சொந்த ஊர் என்ற இடத்தில் கும்லா என்று எழுதி
யாரோ அடித்திருந்தார்கள்.
மழையை மளை என்றாள்.
அடிக்கோடு போட்டேன்.
என் அப்பாவும் மளை என்றுதான் சொல்வார், மேலூர்க்காரர்,
அவரை யாரும் உட்கார வைத்து அளந்ததில்லை.
அம்மா வந்தான் என்றாள். இன்னொரு கோடு.
பத்தியில் நிமிடத்துக்குப் பத்தொன்பது சொல்.

பட அட்டையில் கடற்கரை,
படகு, சுண்டல் விற்கும் பையன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"பனி சார். கீழ எறங்கிக் கெடக்கு.
ஒருத்தன் அதுக்குள்ள வண்டிய வுட்டுட்டான்."
பொருத்தமான விடை: பூஜ்யம்.
படி: இரண்டு.

திரும்பும் பஸ் நாலே முக்காலுக்கு.
எடைபோடும் கொட்டகையில் ஒதுங்கினேன்.
தராசுக்கு முன்னால் அவள் அம்மா,
நெற்றியில் சாக்குக் கயிற்றின் தடம்.
"எலையா இது? ஈரத்துக்கு நாலு கிலோ கழிச்சாச்சு.
வாய மூடிட்டுப் போவச் சொல்லுடி"
என்றார் மேஸ்திரி ஏகாம்பரம்.

பூல்மணி அம்மா பக்கம் திரும்பினாள்.
கையால் வானத்தைக் காட்டி நிதானமாக ஏதோ சொன்னாள்.
அம்மா படபடவென்று கொட்டினாள்;
அதில் ஒரு சொல்லுக்கு
வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பூல்மணி மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.
"அண்ணே, நேத்து வெயிலு.
நேத்தும் நாலுதான் கழிச்சீங்களாம்.
நோட்டப் பாத்து ஒரு தடவ சொல்லுங்கன்னு
அம்மா கேக்குது."

நோட்டு புரண்டது.
இரண்டு கிலோ திரும்பி வந்தது.

"உங்கம்மா அப்படியா சொன்னாங்க?"
"அதேதான் சார்.
அந்த ஒரு வார்த்தைய மட்டும் கீழ போட்டுட்டேன்."

பையில் ரப்பர் இருந்தது.
படிவத்தின் அடியில்
திருத்தங்கள் செல்லாது என்றும் இருந்தது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?
வளைவுக்கு அப்பால் பஸ் ஹாரன்.

"சார், நான் பாஸா?"
"நல்லா பேசுற" என்றேன். இரண்டே சொல்.
அதை அம்மாவிடம் சொன்னாள்.
பஸ் வந்து நிற்கும்வரை சொன்னாள்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து
ஒருமுறை தலையை அசைத்தாள்.

எனக்கு என்ன படி போட்டாள் என்று தெரியவில்லை.