கப்பலின் பெயர் என்ற கட்டம்

வெலிங்டன் மருத்துவப் பிரிவில்
காலை பத்தரைக்கும் விளக்கெரிகிறது.
ஏழாம் கட்டத்தில் என் பேனா நிற்கிறது:
பணியாற்றிய கப்பலின் பெயர்.

எந்தப் பேரும்மா வேணும், என்கிறார்
ஜெகதளா ஜோகி.
கார்வெட். எஞ்சின் அறை. பதினோரு வருஷம்.
மிச்சத்தை இருமல் வாங்கிக்கொள்கிறது.

பனிக்கட்டி மிதக்கும் துறைமுகம் ஒன்றில்
கட்டியவர்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லை.
எண் மட்டும். முப்பத்தொன்று.
வால்வுக்கு வால்வு அவர்கள் எழுத்து,
கண்ணாடியில் பார்த்த ஆங்கிலம் மாதிரி.
எது திறக்கும் எது மூடும் என்று
கை சுட்டுத்தான் படித்தாராம்.

நாம் வாங்கியதும் மகரி ஆனது.
விசாகப்பட்டினத்தில் உடைத்த தேங்காய்
முதல் அடியில் உடையவில்லை.
அதை மட்டும் மூன்று முறை சொல்கிறார்.
இரண்டு புயல். கவிழ்ந்த விசைப்படகிலிருந்து
தூக்கிய ஒன்பது பேர்;
அதில் ஒருவன் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில்தான்
நடுக்கம் விட்டுத் தூங்கினான்.
போரா? போர் ஒன்றும் வரவில்லை.
நம்ம அருவங்காட்டு மருந்துதான்
அதன் பீரங்கியில் என்று யாரோ சொல்ல,
லீவில் வந்தபோது பாக்டரிச் சங்கு ஊதினால்
கப்பல் கூப்பிடுகிற மாதிரி இருக்குமாம்.

பிறகு கொடுத்துவிட்டார்கள்.
நட்பு நாடு. ஒரு மதியம்.
நம் கொடி இறங்கி, அவர்கள் கொடி ஏறும் வரை
கம்பம் வெறுமையாய் நின்றது.
நாற்பது நொடி என்றார்கள் மேலே இருந்தவர்கள்.
இவர் கீழே. ஜெனரேட்டர்
யாருக்கென்று கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பதிவேடுகளும் கப்பலோடு போயின,
பெட்டி பெட்டியாய், ரசீது வாங்கி.
மகரி எங்கள் பட்டியலில் இல்லை
என்கிறது தில்லியின் கடிதம். இரண்டாவது கடிதமும்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலில் வைக்கிறார்.
வெளியே மூடுபனி, அந்த வெள்ளையே போதும்.
விலாவுக்குக் கீழே தகடு தகடாய்
ஏதோ ஒட்டியிருக்கிறது.
புகைக்குழாயில் சுற்றிய கல்நார்:
பிரித்து, மாற்றி, மறுபடி பிரித்து,
வாயில் ஒரு கைக்குட்டை கட்டி.

பொறுப்பைக் கொடுத்த வாரம்
அந்த நாட்டுப் பையன்கள் நாலு பேருக்கு
குழாயைக் காட்டி, சைகையில் சொன்னாராம்,
மூக்கை மூடிக்கோ.
சிரித்தார்கள்.
நாற்றத்தைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இதுல ஒரு காப்பி
அங்க அனுப்ப முடியுமாம்மா?

முகவரி தெரியுமா, என்றேன்.

பேர் தெரியும், என்றார்.
என் பேனாவை வாங்கி
ஏழாம் கட்டத்தில்,
கடைசியாகப் படகிலிருந்து திரும்பிப் பார்த்தபோது
பின்புறத்தில் ஈரப் பெயின்ட்டாக இருந்ததை,
படிக்கத் தெரியாத அந்த எழுத்தை,
வட்டம் வட்டமாக
வரையத் தொடங்கினார்.
கட்டம் போதவில்லை.
ஆறிலும் எட்டிலும் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.