ஹெவி லைசென்ஸ்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு
ஹொசா ரோட்டுக்குப் பின்னால், பார்த்தீனியம் மண்டிய மைதானத்தில்
பழைய பஸ் ஒன்றை ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்கிறேன்.
வயது நாற்பத்தொன்று.
சர்வர்கள் சாகாமல் பார்த்துக்கொள்வது
பதினேழு வருடத் தொழில்.

வீட்டில் யோகா வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தளத்தில் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது.
யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
தயிர்சாதம் பிசையும்போது தவறி விழும்.
ஜோயல் தேவசகாயம் ஆறு மாதமாகக்
குளியலறையில் காளான் வளர்க்கிறான்.
மனைவி குளிக்க அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம்,
அவனே சொல்லிச் சிரித்தான்,
பிறகு சிரிக்கவில்லை.
'உங்க ரெண்டாவது ப்ளான் என்ன?' என்று ஸ்ரீவத்ஸாவைக் கேட்டோம்.
'எனக்கு முதல் ப்ளானே கிடையாது,
கவுன்சிலிங்கில் இந்த சீட்தான் மிச்சமிருந்தது.'

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், பத்தே காலுக்கு
'சின்ன மீட்டிங்' என்றொரு கட்டம்
முப்பத்தெட்டு பேர் காலண்டரில் வந்து உட்கார்ந்தது.
எனக்கு வரவில்லை.
வராதவர்கள் அன்று முழுக்க
எழவு வீட்டில் பசியெடுத்தவர்கள் மாதிரி
நடமாடினோம்.
பக்கத்து நாற்காலி வசுமதி
மணிபிளான்ட்டை விட்டுவிட்டுப் போனாள்.
நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.
என்னைவிட நன்றாக இருக்கிறது.

ஏன் பஸ்?
வேறொன்றும் தோன்றவில்லை.
சில்க் போர்டு சிக்னலில் ஒரு சாயங்காலம்
நாற்பது நிமிடம் நகராமல் நின்றேன்.
பக்கத்து பஸ் டிரைவர்
ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்
கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
பின்னால் எழுபது பேர் கத்தினார்கள்.
அவர் அடுத்ததை உரித்தார்.
அந்த வேலையில் அவ்வளவு நிம்மதி இருக்காது,
தெரியும்.
சம்பளம் என் வீட்டுத் தவணைக்குக்
கால்வாசிகூட வராது,
அதையும் கணக்குப் போட்டாயிற்று.
ஆனால் அவருடைய கடலை
ஒவ்வொன்றாய், முழுசாய்த் தீர்ந்துகொண்டிருந்தது.
என் வேலையில் எதுவும் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

ஈரண்ணா ராய்ச்சூர்க்காரன். இருபத்துநாலு வயது.
சரியாக ஓட்டினால் மேடம், சொதப்பினால் அக்கா.
'கிளட்ச் ரெண்டு தரம், அக்கா, ரெண்டு தரம்!'
கண்ணாடியில் பாதி மைதானம்தான் தெரிகிறது.
மீதியை நம்பவேண்டும்.
வால் எங்கே திரும்புகிறதென்று
தலைக்குத் தெரியாத நீளம்.

இன்று டீ குடிக்கும்போது போனை நீட்டினான்.
பைத்தான். மூன்று மாத கோர்ஸ். அறுபதாயிரம்.
தவணையிலும் கட்டலாமாம்.
'சேரட்டுமா மேடம்?
இனிமே வண்டியெல்லாம் தானா ஓடப்போகுதாம்,
டிரைவர் பொழப்பு எத்தனை நாளைக்கு?'
விளம்பரத்தில் ஒரு பெண்
மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
பதினேழு வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

டீ சுட்டது.
அதைச் சாக்காக வைத்துக் கொஞ்ச நேரம் ஊதினேன்.
வேண்டாம் என்றால் பொறாமை மாதிரி இருக்கும்.
சேர் என்றால் பொய் மாதிரி இருக்கும்.
ஒரே சந்தின் இரண்டு முனையிலிருந்தும்
ஆளுக்கொரு பஸ்ஸை ஓட்டி வந்து
முட்டிக்கொண்டு நிற்கிறோம்,
யாராவது பின்னால் எடுக்கவேண்டும்.

'பணம் கட்டாதே' என்றேன்.
'நான் சொல்லித் தர்றேன், ஃபீஸ்ல கழிச்சுக்கோ.'
யோசித்தான். பேரம் பேசினான்.
அவன் ரெண்டு வகுப்புக்கு என் ஒரு வகுப்பு,
டீசல் தனி.
என் மணிக்கூலியை இவ்வளவு நேர்மையாக
யாரும் சொன்னதில்லை. ஒத்துக்கொண்டேன்.

பிறகு ஏறி உட்கார்ந்து
ரிவர்ஸ் போட்டேன்.
இடது, இன்னும் இடது, போதும் என்று கத்திக்கொண்டே
பின்னாடியே நடந்தான்.
மூன்றாவது டிரம்மை இடித்துத் தள்ளிவிட்டேன்.
உருண்டு போய் நாய் ஒன்றை எழுப்பியது.
'பரவால்ல அக்கா' என்றான்,
'அது காலி டிரம்தான். மறுபடி எடுங்க.'