சார்ஜெண்ட் மத்தி தின்பதில்லை

விடியற்காலை நாலரைக்கு ஏலக்கூடத்தின்
ஈரத் தரையில் நின்று கை தூக்குகிறேன்.
செவுளில் சிவப்பு வேண்டும், கண்ணில் பளபளப்பு வேண்டும்.
வயிற்றில் விரல் வைத்து அழுத்தினால்
பள்ளம் உடனே எழும்பி வர வேண்டும்.
முப்பத்தொரு வருஷமாக மத்தோசின்யோஷ் சந்தையில்
நான் கத்துவது ஒரே சொல்.
புதுசு, புதுசு, இப்போ வந்தது,
இன்னும் கடல் சொட்டுது பாருங்க.

வீட்டில் சார்ஜெண்ட்
(தோளில் மூன்று பட்டை, அதனால் அந்தப் பெயர்;
ஒரு போரும் பார்த்ததில்லை)
அதே மத்தியை முகர்ந்து
முன்னங்காலால் தரையைச் சுரண்டி
மண் போட்டு மூடுகிறான்.
மண் ஏது, வெறும் ஓடுதான்.
ஆனாலும் மூடுகிறான்,
தன் கழிவை மூடுவதுபோல.

அவனுக்கு வேண்டியது
சூப்பர் மார்க்கெட்டில் கடைசி வரிசை, அடித்தட்டு,
மூன்று கிலோ மூட்டை.
அட்டையில் நீல அலை, துள்ளும் ஒரு மீன்.
அந்த மீனை நான் எந்த வலையிலும் கண்டதில்லை.
வால் ஒரு ஜாதி, துடுப்பு இன்னொரு ஜாதி.
'பெருங்கடல் சுவை' என்று போட்டிருக்கிறது.
யாரும் இல்லாதபோது ஓர் உருண்டையைக் கடித்துப் பார்த்தேன்.
உப்பு, மாவு, பழைய கொழுப்பு.

மதியம் வாங்கி வந்து
கடைக்கு அடியில் வெங்காயச் சாக்கால் மூடி வைப்பேன்.
ஒருநாள் சாக்கு நழுவியது.
எதிர்க்கடை சுல்மிராவுக்குக் கண் கூர்மை.
பத்து நிமிஷத்தில் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது.
ஐஸ் கொண்டுவரும் பையன்கூடக் கேட்டான்:
"தெயோலிந்தா, உன் பூனையே தொடாததையா
எங்களுக்கு விற்கிறாய்?"
அன்று பதினோரு கிலோ மிஞ்சியது.
சிரிப்பாலா மழையாலா, சொல்ல முடியாது.

ஜனவரியில் ஒரு ராத்திரி
மணல்தட்டில் ஏறி ஏறி இறங்கினான்.
முக்கினான். சொட்டு வரவில்லை.
அவன் கத்திய கத்தலில் மேல்வீட்டு விளக்கு எரிந்தது.
டாக்டர் எவரிஸ்தோ தூக்கம் கலையாத முகத்தோடு
குழாய் போட்டு எடுத்தார்.
"வறட்டு உருண்டை மட்டும் தின்றால் இப்படித்தான்.
உள்ளே தண்ணீர் போக வேண்டும்."
வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.
"அப்போ மத்தி கொடுக்கலாம்தானே, டாக்டர்?"
"வெறும் மத்தியா? அது வேறு வம்பு.
இவன் இதயத்துக்கு, கண்ணுக்கு, நரம்புக்கு
தனித்தனிக் கணக்கு இருக்கிறது.
உன் தராசில் நிற்காத கணக்கு."
ரசீதைப் பார்த்தேன்.
ஒன்பது பெட்டி மத்தி.

அவர் எழுதிக் கொடுத்த ஈரத் தீனி டப்பாவைத் திறந்தேன்.
முகர்ந்தான். மூடினான்.
கோழி ஈரலை நறுக்கி வைத்தேன். மூடினான்.
கடைசியில் அதே உருண்டை,
வெந்நீரில் ஊறவைத்து.
என்னை ஒரு பார்வை பார்த்தான்,
எடை குறைவாகப் போட்டவளைப் பார்க்கிற பார்வை.
பிறகு தின்றான்.

சந்தையில் நான் சொல்லாத ஒன்று உண்டு.
பலகை தேய்த்து, செதில் கழுவி,
எலுமிச்சைத் தோலால் விரலிடுக்கெல்லாம் தேய்த்து
இரவு எட்டுக்கு வீடு சேர்ந்தால்
என் சாப்பாடு பாக்கெட் சூப்.
மஞ்சள் பொடியும் கொஞ்சம் சேமியாவும்.
'கோழிச் சுவை'. கோழி எந்தப் பக்கம் போனதோ.
நின்றபடியே குடித்துவிடுவேன்.
மீன் சமைத்து எத்தனை வருஷம் என்று
சுல்மிரா கேட்டால் பொய் சொல்வேன்.

கருவாடு விற்ற காசு நாறாது என்பார்கள்.
காசு நாறாது, கை நாறும்.
அந்தக் கையில்தான்
ராத்திரி முழுக்கத் தலை வைத்துத் தூங்குகிறான்.
மூக்குக்குள் போக வேண்டிய கடல்
அவனுக்கும் போய்விட்டது போல.

இப்போது ஒரே கெட்டில்.
முதலில் அவன் கிண்ணம், அப்புறம் என்னுடையது.
அடுப்படியில் இரண்டு பேரும் காத்திருக்கிறோம்.
உருண்டைகள் உப்புகின்றன, சேமியா மிதக்கிறது.
அவனுடையது முதலில் ஆறும்.