முப்பது வரை எண்ணுதல்

முன்வரிசையில் இடது பர்னர்:
குமிழை அழுத்தித் திருகிப் பற்றவைத்து
அழுத்திய கட்டைவிரலை எடுக்காமல்
முப்பது வரை எண்ண வேண்டும்.
இருபத்தெட்டில் எடுத்தால் அணைந்துவிடும்.
முப்பதில் எடுத்தாலும்
சில நாள் அணைந்துவிடும்.

புந்தா அரேனாஸில்
காற்றுக்குத் தெரியாத சந்து கிடையாது.
புகைபோக்கி வழியாக இறங்கி வந்து
யார் வீட்டில் என்ன கொதிக்கிறதென்று
பார்த்துவிட்டுப் போகும்.
அதனால் பழியைக் காற்றின் மேல் போட்டோம்.
ரெனான் சொன்னான், காற்றுதான்.
அவன் அம்மா போனில் சொன்னாள், காற்றுதான்.
இரண்டு குளிர்காலம்
காற்றும் மறுத்துப் பேசவில்லை.

பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.
குமிழை அழுத்தி
இடுக்கில் ஒரு துணிக்கிளிப்பைச் செருகினான்.
மரக்கிளிப். பச்சைச் சாயம் பாதி போனது.
எப்படி என் மூளை என்றான்.
பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது.
முப்பது எண்ணும் நேரத்தில்
இரண்டு உருளைக்கிழங்கு சீவலாம்.

ஜூலை. நாலரைக்கே இருட்டு.
சோளமும் பூசணியும் போட்ட கசுவேலா
அடுப்பில் ஏறியிருந்தது.
நான் குளியலறையில்,
நண்டுத் தொழிற்சாலை நாற்றத்தைத்
தலைமுடியிலிருந்து கழுவிக்கொண்டிருந்தேன்.
சூப் பொங்கி வழிந்து
தீயை அணைத்திருக்கிறது.
கிளிப் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை.
மேசையில் மிலென்கா
கணக்கு நோட்டில் கன்னம் வைத்துத் தூங்குகிறாள்.
விளக்கைப் போடாதே, போடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
கிளிப்பைப் பிடுங்கினேன்,
பிள்ளையைத் தூக்கினேன்,
ஜன்னலை முழங்கையால் தள்ளினேன்.
அவ்வளவுதான்.
இரண்டு வருடம் நாங்கள் திட்டிய காற்று
செருப்போடு உள்ளே வந்து
வீட்டையே கூட்டிப் பெருக்கிப் போனது.
சனியன், இன்னும் நாலு பேரைக் கூட்டிவா என்றேன் அதனிடம்.

மெக்கானிக் வர ஒன்பது நாள் ஆகுமாம்.

சனிக்கிழமை காலை
சுவரோரக் குழாயின் திருகை மூடிவிட்டு
செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன்.
பர்னர் மூடிகள் வெந்நீரிலும் வினிகரிலும்.
துளைகளுக்குத் தையல் ஊசி.
பல்குச்சி கூடாது, உள்ளே முறிந்து
அங்கேயே குடியிருக்கும்.
ஒவ்வொரு துளையிலிருந்தும்
நாங்கள் சாப்பிட்டு மறந்த ஒரு ஞாயிறு
கரியாக வெளியே வந்தது.

பிறகுதான் அதைப் பார்த்தேன்.
பர்னருக்குப் பக்கத்தில்
சுண்டுவிரல் நகத்தை விடச் சற்று நீளமாக ஒரு தண்டு.
தெர்மோகப்பிள்.
அதற்கு ஒரே வேலை:
சூடானால், தீ இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.
அந்தச் சொல்லை நம்பித்தான் வால்வு திறந்திருக்கும்.
பால் பொங்கிய கறுப்பு அதன் மேல் அப்பியிருந்தது.
போதாததற்கு ஒரு பக்கமாக வளைந்தும் இருந்தது.
நண்டு வேகவைக்கும் பெரிய பானையை
என்றைக்கோ யாரோ (நான்தான்) இடித்து இறக்கியபோது.

அப்படியானால் இரண்டு வருடமாக
அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது:
தீ என்னைத் தொடவில்லை.
நாங்கள் அதன் வாயில்
கிளிப் மாட்டினோம்.

இரும்பு நாரால் தேய்த்தேன்.
நட்டைத் தளர்த்தி, ஓர் அரிசி அகலம் நகர்த்தி
மறுபடி முறுக்கினேன்.
குழாயைத் திறந்து
இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக்
கண் இமைக்காமல் பார்த்தேன்.
ஒரு குமிழியும் ஊதவில்லை.
நான்கு நிமிட வேலை.
எண்ணிய முப்பதுகளையெல்லாம் கூட்டினால்
எத்தனை நாள் வருமென்று
மிலென்காவிடம் கணக்குக் கேட்கவில்லை.
கேட்டால் போட்டுவிடுவாள்.

பற்றவைத்தேன்.
நாலு எண்ணியதும் விரலை எடுத்தேன்.
நீலமாக நின்றது.
ஆனாலும் வாய்
முப்பது வரை போய்த்தான் நின்றது.

படகுத்துறையிலிருந்து வந்த ரெனான்
ஒரு கையால் கோட்டைக் கழற்றிக்கொண்டே
மறு கையால் கிளிப்பைத் தேடினான்.
யார் வந்து பார்த்தது என்றான்.
யாரும் வரவில்லை என்றேன்.
கிளிப் கொடியில், அவன் காலுறையைக் கடித்துக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் வலது பர்னர்
இப்போது நுனி மஞ்சளாக எரிகிறது.
காற்றுதான் என்கிறான்.