நாலரை கிராம்

உகம்ராஜ் சேட்டு சாமியாராகப் போகிறாராம்.
தறிச் சத்தத்தை மீறிப் பேசிக்கொண்டார்கள்.
பள்ளிப்பட்டில் ஆந்திரா பஸ் ஏறி
நகரியில் இறங்கினேன்,
இடுப்பில் அடகுச் சீட்டு.

ராஜா மாதிரி வண்டியில் உட்காரவைத்திருந்தார்கள்.
சரிகைத் தலைப்பாகை, முன்னால் பாண்டு வாத்தியம்.
இரண்டு கையாலும் அள்ளி வீசினார்:
அரிசி, பாதாம், ஐந்து ரூபாய் நாணயம்,
வெள்ளித் தம்ளர் ஒன்று,
கடைசியில் கட்டியிருந்த கடிகாரம்.
பிள்ளைகள் ஜீப்புக்கு அடியிலெல்லாம் புகுந்து பொறுக்கினார்கள்.
"தீஸ்கோ அக்கா" என்று யாரோ இடித்தார்கள்.
காலடியில் உருண்ட நாணயத்தை
நான் எடுக்கவில்லை.
எடுத்தால் அசலில் கழிப்பார்களோ, வட்டியிலோ.

மறுநாள் கல்லாவில் மகன்.
நல்ல பையன்.
"அப்பா விட்டுட்டாரு அக்கா, நான் விடலையே"
என்று சிரித்தான். சிரிப்பில் குத்தல் இல்லை.
பேரேட்டில் அப்படியே இருந்தேன்:
தேசம்மா, கம்மல் ஒரு ஜோடி, நாலரை கிராம்.

போன சித்திரை.
காலை பத்துக்கே தார் இளகிச் செருப்பை இழுத்தது.
நகரி மலையின் மூக்கு மட்டும் புகையில் தெரிந்தது.
சோதனைச் சாவடி தாண்டி
வெள்ளைத் துணியில் நாலு பேர், வெறுங்காலில்.
மூன்றாமவரின் நடை எனக்குத் தெரியும்:
இரும்புப் பெட்டிக்குப் போகும்போதும் இப்படித்தான்,
வலது தோளைச் சாய்த்து.

வாயில் துணி. தலையில் ஒரு முடி இல்லை,
கையாலேயே பிடுங்குவார்களாம்.
புளியமரத்தடியில் எறும்புகளை
நோகாமல் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.
துடைப்பம் கம்பளி நூல். முறுக்கு சரியில்லை.

"சேட்டு" என்றேன்.
திரும்பவில்லை.
அந்தப் பேரையும் அன்றைக்கே
கூட்டத்தில் யாருக்கோ வீசிவிட்டார் போல.
கூட வந்தவர் புதுப் பேர் சொன்னார்,
என் வாயில் நுழையவில்லை.
கும்பிட்டேன். கும்பிடத்தான் தோன்றியது.

அப்போது நிமிர்ந்தவர்
முகத்தைப் பார்க்கவில்லை,
காதைப் பார்த்தார்.
ஓட்டை தூர்ந்துவிடாமல்
செருகியிருந்த ஈர்க்குச்சியை.
தராசு முள் ஆடி நிற்கும்வரை
மூச்சை அடக்கிப் பார்ப்பாரே,
அதே பார்வை.
பிறகு கண்ணை இறக்கிக்கொண்டார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்:
கல்லோடு நாலரை, கல் நீக்கி நாலே கால்.

கேட்கவில்லை.
அவர்கள் திருத்தணிப் பக்கம் நடந்தார்கள்.
பத்தாம் தேதி வட்டி கட்ட வேண்டும்.
குச்சியை உருவி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
எடையே இல்லை.
திரும்பச் செருகிக்கொண்டேன்.