இடது கை, மூன்று கோணம்

சலவைக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே எங்கள் கிளினிக்.
தண்டர் பே. பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கதவு திறக்கும்போதெல்லாம்
பக்கத்துக் கடையின் சோப்பு வாசனை
பூட்ஸ் பனியோடு உள்ளே வந்து
மிதியடியில் உருகும்.

பதினோரு வருஷமாக இங்கே நான் பேசுவது மூன்றே வாக்கியம்:
மூச்சை இழுங்க.
பிடிங்க.
இப்ப விடலாம்.
தூக்கத்திலும் சொல்கிறேனாம், மகன் சொல்கிறான்.

நான்காவதற்கு அனுமதி இல்லை.
திரையில் எது தெரிந்தாலும்
யாரிடமும் மூச்சு விடக் கூடாது.
"டாக்டர் ரெண்டு நாள்ல கூப்பிடுவார்" என்பதைக்
கணக்கில் சேர்க்கவில்லை,
அதைக் கதவைத் திறந்து பிடித்தபடி சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை, டோக்கன் பதினாறு,
இர்யா கொஸ்கெலா.
பனி அள்ளும்போது வாசற்படியில் சறுக்கிவிட்டதாம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்.
இது மோதிரத்துக்குத் தகுந்த வீக்கம்:
பொன்வளையத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
சதை மேடு கட்டி நின்றது.

"கழற்றணும்" என்றேன்.
"இது கழன்றதே இல்லை" என்றாள்,
பெயின்ட் அடித்து அடித்து
ஒட்டிப்போன ஜன்னலைச் சொல்வதுபோல.

சோப்பு. ஐஸ். எண்ணெய்.
கடைசியில் ரிசப்ஷனிலிருந்து மர்னி
பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலோடு வந்தாள்.
விரலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி,
அடிநுனியை இழுத்து அவிழ்க்க அவிழ்க்க
முட்டியைத் தாண்டியது மோதிரம்.
கத்துவாள் என்று நினைத்தேன்.
சிரித்தாள்.
யாரோ அறைக்குள் வந்துவிட்டதுபோல
சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஈயக் கவசம் கட்டினேன்.
உள்ளங்கை கீழே. சற்றே சாய்த்து. பிறகு பக்கவாட்டில்.
கைக்கு மூச்சைப் பிடிக்கத் தேவையே இல்லை.
பழக்கதோஷம், சொல்லிவிட்டேன்.
பிடித்தாள்.

விரிசல் இருந்ததா என்று
நீங்களும் கேட்காதீர்கள்.
நோயில் சேராத ஒன்றை மட்டும் சொல்லலாம்:
மோதிரவிரலின் சாம்பல் சதையில்
ஓர் இடுப்பு.
மோதிரம் இல்லாத இடத்தில்
மோதிரத்தின் அளவு.

அவள் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.
சாவியும் கம்மலும் போட்டுவைக்கும்
நீல பிளாஸ்டிக் கிண்ணத்தில் அது கிடந்தது.
ஓடினேன். கார் நின்ற இடம்
கறுப்புச் செவ்வகமாகத் தெரிந்தது,
அதன்மேலும் பனி விழத் தொடங்கியிருந்தது.

புதன் காலை போன் செய்தேன்.
"முறிஞ்சிருக்கா?"
"டாக்டர் கூப்பிடுவார்."
"அப்ப நீ எதுக்குக் கூப்பிட்டே?"
"மோதிரம்."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
ஏதோ கொதிக்கிற சத்தம்.
தூரத்தில் ஓர் ஆண் குரல், யாரது என்றது.
அவனுக்கும் பதில் இல்லை, எனக்கும் இல்லை.
ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்,
மூச்சுகூடக் கேட்கவில்லை.

இப்ப விடலாம் என்று
நான் சொல்லியிருக்கலாம்.
வரிசையில் பத்தொன்பதாம் டோக்கன் இருமிக்கொண்டிருந்தது.

"அங்கேயே இருக்கட்டுமே" என்றாள் அப்புறம்,
"வழியில பார்த்து வாங்கிக்கிறேன்."

ஒற்றைக் கம்மல்கள், ஒரு காதுக் கருவி,
யாருடையதோ முருங்கைக்காய் நீளச் சாவிக்கொத்து,
இவற்றோடு மேஜை டிராயரில் ஒரு பழுப்பு உறை.
மேலே மர்னியின் கையெழுத்தில்:
கொஸ்கெலா. அவசரமில்லை.