அடுத்த அறையில் கொதிகலன்

இரவு ஒன்று நாற்பது. ஓயார்ஸ் அழைக்கிறான்.
மூன்றாம் கண்ணாடிக்குடிலில் பதினோரு டிகிரி,
இன்னும் இறங்குகிறது.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
வெள்ளரி நாற்றுகள் இரண்டாம் இலை விட்டிருக்கின்றன.
கொதிகலன் பெட்டி பூட்டிக் கிடக்கிறது, சாவி எங்கே விஸ்மா?

சாவி என் கோட்டுப் பையில்.
கோட்டு லியபாயாவில்,
என் அண்ணன் வீட்டுக் கதவின் பின்னால்.
ரேசெக்னேவுக்கும் எனக்கும் நடுவே
முழு லாத்வியாவும் பனியைப் போர்த்திப் படுத்திருக்கிறது.

சரி, மடிக்கணினி.
விபிஎன் பச்சை காட்டியது,
சுரங்கம் திறந்தாயிற்று என்றது.
192.168.1.20 என்று தட்டினேன்.
கொதிகலனின் எண். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

திரையில் வந்தது:
நீல மை குறைவாக உள்ளது.

கொதிகலனுக்கு ஏது நீல மை?
மறுபடி தட்டினேன். மறுபடி நீல மை.
பக்கத்தின் அடியில் 'சோதனை ஓட்டம்' என்றொரு பொத்தான்,
பதற்றத்தில் அதை அழுத்தினேன்.
அடுத்த அறையில் ஏதோ செருமியது.
உருளைகள் சுழன்றன.
இருட்டுக்குள் ஒரு தாள்
மெல்ல வெளியே வந்து தரையில் விழுந்தது.

வீட்டுக்கு வீடு வாசற்படி.
வீட்டுக்கு வீடு 192.168.1.
அங்கே இருபதில் கொதிகலன்,
இங்கே இருபதில் அண்ணனின் பிரிண்டர்.
கணினியைக் குற்றம் சொல்ல மாட்டேன்;
கேட்ட கதவு இதே தெருவில் இருக்கையில்
எந்தத் தபால்காரன் சுரங்கத்தில் இறங்குவான்?

அண்ணனின் ரௌட்டரில் தெருப்பெயரையே மாற்றலாம்.
டிவி, வாசல் கேமரா, ஜின்ட்ராவின் தையல் இயந்திரம்
எல்லாம் காலையில் முகவரி கேட்டு என்னைச் சுற்றும்.
தவிர, கடவுச்சொல் அண்ணனிடம். அண்ணன் குறட்டையில்.

"பத்து டிகிரி" என்றான் ஓயார்ஸ்.

ஒரே ஒரு வரி எழுதினேன்.
தெரு முழுக்க வேண்டாம், அந்த ஒரு கதவுக்கு மட்டும்
தனிப்பாதை, சுரங்கம் வழியே.
முப்பத்திரண்டு பிட்டும் பொருந்தினால்தான் செல்லும்.
பாதைகளின் நீதி எளியது:
இரண்டு பொருந்தினால்
துல்லியமாகச் சொன்னது வெல்லும்.
(எங்கள் கூட்டங்களில் உரக்கச் சொன்னது.)

நீல மை மறைந்தது.
சிவப்பில் எழுந்தது: சுடர் அணைந்தது.
இவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு பிழைச் செய்தியை
நான் படித்ததேயில்லை.
மீட்டமை. ஆம். நிச்சயமாக ஆம்.
ஓயார்ஸ் போனைக் கொதிகலன் பக்கம் நீட்டினான்.
குப்.
பிறகு நீண்ட உறுமல்.

திரையின் மூலையில் பொடி எழுத்து:
அமைத்தவர் வி. கலேயா, ஏழு ஆண்டுகளுக்கு முன்.
நான்தான்.
ஆலையிலிருந்து வந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு
காபி குடிக்கப் போனவள்.
திங்கட்கிழமை போய் 10.173.58 என்று மாற்றுவேன்,
எந்த அண்ணனுக்கும் தோன்றாத எண்ணாக.

எட்டு மணிக்கு ரூதிஸ் என் மடிக்கணினியோடு வந்தான்.
"அத்தை, பிரிண்டர் பதிலே சொல்லவில்லை."
எரிமலைகளைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை.
நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி
அது கொதிகலனின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பாதையை இன்னும் நீக்கவில்லை.
குடிலில் பதினேழு டிகிரி, ஏறுகிறது.
"கையால் எழுது" என்றேன்.
தரையில் கிடந்த சோதனைத் தாளை எடுத்து நீட்டினேன்.
பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது.